மஞ்சளுக்கு அடங்காதது

‘மயிர்’ என்னும் சொல்லை அச்சேற்றுவதற்கு நமது எழுத்தாளர்கள் இன்றும் கூசுகின்றனர். ‘முடி’ என்பர், ‘ரோமம்’ என்பர், கவிஞராயின் ‘கூந்தல்’ என்றும் ‘குழல்’ என்றும் கூறி மேகத்திடமும் இரவிடமும் உவமைக் கடன் வாங்குவர். விஞ்ஞான பாடநூல் ஒன்றே நாணமின்றி ‘வேர்மயிர்’ என்று எழுதுகிறது. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிய நாட்களிலெல்லாம் கடைசி வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்து அடங்கும். முப்பது வருடங்கள் தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்த எமக்கு அச்சிரிப்புப் பழகிப்போயிற்று. பழகாதது வேறொன்று. தலையில் வளர்ந்தால் அழகென்று பூச்சூட்டப்படும் அதே பொருள், ஒரு சாண் கீழே இறங்கிப் பெண்ணின் மேலுதட்டிலும் மோவாயிலும் முளைத்துவிட்டால், அவளைப் பெண் கணக்கிலிருந்தே கழித்துவிடும் பார்வை அது. அப்பார்வையை நாம் நாற்பது வருடங்களுக்கு மேலாக எமது முகத்திலே தாங்கி வந்திருக்கிறோம். ஆகையால் இக்கட்டுரையில் அந்தச் சொல்லையே எழுதப் போகிறோம், வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

நாம் பிறந்தது கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயத்தில். கண்டி மாவட்டத்தைத் தேயிலைச் சரித்திரத்தில் ஏற்றிய மலைத்தொடர் இது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர, தெல்தோட்டைக்கு அப்பால் இதே மலைகளில்தான் இருக்கிறது. அச்சரித்திரம் எமது மக்களைப் பற்றிக் கூறுவது சொற்பம். எமது மக்களின் மோவாயைப் பற்றிக் கூறுவது எதுவுமில்லை. எமக்குப் பதினேழு வயதானபோது மோவாயின் இடப்புறத்தில் மூன்று கறுத்த மயிர்கள் தோன்றின. ஒரு வருடத்தில் அவை வரிசையாயின. மாதவிலக்கோ இரண்டு மாதத்துக்கொருமுறை, மூன்று மாதத்துக்கொருமுறை என்று தன் போக்கில் வந்தது. இரண்டுக்கும் தொடர்புண்டென்று எவரும் எமக்குச் சொல்லவில்லை. அம்மாயி குப்பைமேனி இலையையும் கஸ்தூரி மஞ்சளையும் அம்மியில் வைத்து அரைத்து, இரவில் பூசி விடியலிற் கழுவச் செய்தார். “மஞ்ச தேச்சுக் குளி புள்ள, எல்லாம் உதிர்ந்து போயிரும்” என்பது லயத்துப் பெண்கள் அனைவரினதும் ஒருமித்த தீர்ப்பு. முகம் மஞ்சளாயிற்று, மஞ்சளின் ஊடே மயிர் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

மஞ்சளின் மேல் எமக்குப் பகையில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, அடுத்த ஆண்டில் அதன் விலை எட்டாத உயரத்துக்கு ஏறி, பாக்கு நீரிணையில் மஞ்சள் மூட்டைகளைக் கடத்தும் படகுகள் பிடிபட்ட காலத்திலும், கறிக்கு மஞ்சளின்றி இருந்து மகளின் முகத்துக்கு ஒரு துண்டை ஒளித்து வைத்த தாய்மாரை நாம் அறிவோம். அந்தத் தியாகத்தை நினைக்கும்போது மஞ்சளாவது கொஞ்சம் மனமிரங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஓமோனின் கட்டளைப்படி தடித்த மயிருக்கு மஞ்சளின் மொழி புரிவதில்லை.

அக்கட்டளை யாதென்பதைச் சற்று விளக்கவேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு நீங்கலாக மனித உடலின் பெரும்பாகத்தில் மயிர்ப்புடைப்புகள் நிறைந்துள்ளன. ஆணின் கன்னத்துக்கும் பெண்ணின் கன்னத்துக்கும் அவற்றின் தொகையிற் பெரிய பேதமில்லை. பெண்ணின் முகத்தில் அவை நிறமற்ற மென்மயிரை மாத்திரம் வளர்க்கின்றன. அந்திரோசன் என்னும் ஓமோன் வகை ஆணின் தனிச்சொத்தன்று. பெண்ணின் சூலகமும், சிறுநீரகத்தின் மேலமர்ந்த அதிரீனல் சுரப்பியும் அதனைச் சிறிதளவிற் சுரக்கின்றன. அவ்வளவு மிகும்போதோ, மிகாவிடினும் புடைப்புகள் அதற்கு அதிகமாகச் செவிசாய்க்கும்போதோ மென்மயிர் தடித்துக் கறுத்து நீள்கிறது. ஒருமுறை அவ்வாறு மாறியது, ஓமோன் குறைந்தவுடன் பழைய பஞ்சாக மாறிவிடுவதுமில்லை. ஆதலாலேதான் மருந்துண்ணத் தொடங்கிய பெண், கண்ணாடியில் ஒரு மாற்றத்தைக் காண ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டியுள்ளது.

இத்தகைய வளர்ச்சியின் பின்னால் பெரும்பாலும் நிற்பது, பீ.சீ.ஓ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் பல்பைச் சூலக நோய்க்கூட்டு. பெயர் மயக்கந்தருவது. சூலகத்திற் காணப்படும் ‘பைகள்’ கட்டிகளல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் புடைப்புகள். நோயின் வேரும் சூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. உணவுச் சீனியைக் கலங்களுக்குள் அனுப்பும் இன்சுலின் கூறுவதைத் தசையும் கல்லீரலும் கேளாதபோது, கணையம் மேலும் மேலும் அதனைச் சுரக்கிறது. தசை கேளாத அந்தப் பேச்சைச் சூலகம் கேட்டுவிடுகிறது; கேட்டு அந்திரோசனைப் பெருக்குகிறது. இரத்தத்தில் அவ்வோமோனைக் கட்டிவைக்கும் புரதத்தையும் கல்லீரல் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஓமோன் தோலை நோக்கி நடக்கிறது. மோவாயில் முளைக்கும் மயிர், இவ்வளவு தூரம் நடந்து வந்த ஒரு செய்தி.

அச்செய்தியை வைத்தியர்கள் முதன்முதலிற் படித்த விதமும் கவனிக்கத்தக்கது. 1921இல் பிரான்ஸ் தேசத்து வைத்தியர்களான அஷார், தியெர் என்போர், முகமயிரும் நீரிழிவும் ஒருங்கே அமைந்த பெண்களைப் பற்றி எழுதி, அந்நிலைக்குத் ‘தாடிப் பெண்களின் நீரிழிவு’ என்று பெயரிட்டனர். பெயரிற் கருணையில்லை, உண்மை இருந்தது. அதன் பின் 1935இல் சிக்காகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவென்தால் ஆகியோர் ஏழு பெண்களின் சூலகங்களை விவரித்தனர். அன்று தொட்டு உலகின் கண் சூலகத்தின் மேலேயே பதிந்தது. பிள்ளைப்பேறு பற்றிய கவலை முன்னுக்கு வந்தது. சீனி பின்னுக்குப் போயிற்று. எமக்கு நீரிழிவு உண்டென்பது நாற்பத்தொன்றாவது வயதிலே தெரியவந்தது. அதற்கு முன் எம்மைப் பரிசோதித்த வைத்தியர் பலர். அவர்களுள் ஒருவராவது எமது மோவாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. மரியாதை கருதிக் கேளாதிருந்தனர் போலும். அந்த மரியாதைக்கு நாம் இன்று நாளொன்றுக்கு நான்கு குளிசைகள் விழுங்குகிறோம்.

இது ஏதோ அபூர்வமான சிலரின் கதை என்று எவரும் எண்ணலாகாது. இலங்கையின் அரைநகர்ப்புறப் பிரதேசமொன்றிற் பதினைந்து முதல் முப்பத்தொன்பது வயது வரையான பெண்களிடையே நடத்தப்பட்டு, 2008இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது. உலகச் சுகாதார நிறுவனம் இன்று நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று என்று மதிப்பிடுகிறது; அவர்களுள் எழுபது வீதம் வரையானோர் தமக்கு நோயிருப்பதையே அறியார் என்றும் கூறுகிறது. தென்னாசியப் பெண்களில் இது இளவயதிலேயே தோன்றி, கடுமையாகவும் இருப்பதைப் பிரித்தானியாவில் ஆய்வு நடத்தியோர் 2002இல் எழுதினர்.

தோட்டப் பெண் நாள் முழுதும் மலையேறி இறங்குகிறாள். அவளுக்கு இந்தச் சீனி வியாதி எங்கிருந்து வரும் என்று நண்பரொருவர் எம்மைக் கேட்டார். அவர் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் வீதம் இந்நாட்டிலேயே தோட்டப்புறத்தில்தான் அதிகமென்று அரசின் சுகாதார அளவீடுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கருவிலேயே பசித்த உடல் பின்னாளிற் சீனியைக் கையாளத் தடுமாறுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தாயின் வயிற்றிற் கொடுக்கப்படாத கூலி, மகளின் இரத்தத்திற் கடனாக ஏறுகிறதோ என்ற ஐயம் எம்மை விட்டு அகல்வதில்லை. கோதுமைமா ரொட்டியும் சீனி கரைத்த தேத்தண்ணியும் மதியம் வரை தாங்கவேண்டிய வயிற்றுக்கு, ‘மாச்சத்தைக் குறையுங்கள்’ என்று அச்சிட்ட துண்டுப்பிரசுரம் என்ன செய்யும்?

நோய் ஒரு பக்கம் கிடக்க, அவமானம் எங்கிருந்து வந்தது? மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் மணத்தற்காகாத பெண்களைப் பட்டியலிடுகிறது. மயிர் மிகுந்தவளும் ஆகாள். மயிரே இல்லாதவளும் ஆகாள். எமது லயத்தில் அந்நூலைப் படித்தவர் ஒருவருமில்லை. ஆயினும் எமது தாயாருக்கு உதவியாகக் கொழுந்துக் கூடையைத் தூக்கிச் சென்ற ஒரு விடுமுறை நாளில், நிறுவையிடத்தில் நின்ற கணக்கப்பிள்ளை, “என்னம்மா, ஒங்க வீட்டுல இப்ப ரெண்டு ஆம்பளையா?” என்று கேட்டபோது, சுற்றி நின்ற அனைவருக்கும் நகைச்சுவை உடனே விளங்கிற்று. படியாத மக்களுக்கு அந்நூல் எந்த வழியாக வந்து சேர்ந்ததென்று பிற்காலத்தில் வியந்திருக்கிறோம். எம்மைப் பெண் பார்க்க வந்தவர்கள் இருமுறை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயினர். மூன்றாம் முறைக்கு நாம் சம்மதிக்கவில்லை. ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பித்தோம்.

அவமானமுள்ள இடத்தில் சந்தை கடை விரிக்கும். 1920களில் அமெரிக்காவில், அல்பர்ட் கைசர் என்னும் வைத்தியரின் ‘ட்ரைக்கோ’ முறையில் ஆயிரக்கணக்கான பெண்கள் தம் முகத்தை எக்ஸ் கதிருக்குக் காட்டினர். மயிர் உதிர்ந்தது, வருடங்கள் சென்றபின் தோல் சுருங்கிற்று, புற்று வந்தது. 1930களின் தொடக்கத்தில் அங்கு விற்பனையான ‘கொரெம்லு’ என்னும் களிம்பில் இருந்தது தாலியம். எலிகளைக் கொல்லும் அதே தாலியம். இவை பழங்கதைகள் என்று ஆறுதலடைவதற்கில்லை. நமது கடைவீதிகளில் ‘வெள்ளையாக்கும் கிரீம்’ என்று விற்கப்படும் பெயர் தெரியாத டப்பிகள் சிலவற்றில் இரசமும் ஸ்டீரொய்டும் கலந்திருக்கின்றன. ஸ்டீரொய்டை மாதக்கணக்கில் முகத்திற் பூசினால், தோல் மெலிவதோடு மயிரும் வளரும். மயிர் மறையவேண்டுமென்று வாங்கிய டப்பியே மயிரை வளர்க்கிறது. வளர்ந்ததை மறைக்க இன்னொரு டப்பி.

ஆனால் எமது உள்ளத்தை மிகவும் வருத்திய சந்தைக்கதை மற்றொன்று. எஃப்ளோர்னிதின் என்னும் மருந்து முதலிற் புற்றுநோய்க்காக ஆக்கப்பட்டது. அது ஆபிரிக்காவின் உறக்கநோயைக் குணமாக்குகிறதென்று பின்னர் தெரிந்தது. மூளை வரை பரவிவிட்ட நோயாளிகளும் அம்மருந்தினால் எழுந்து உட்கார்ந்தமையின், அதனை ‘உயிர்த்தெழுப்பும் மருந்து’ என்றே அழைத்தனர். 1990இல் அமெரிக்க அரசு அதற்கு அங்கீகாரம் வழங்கியது. ஆயினும் உறக்கநோய்க்காரர்கள் கொங்கோவிலும் சூடானிலும் உகண்டாவிலும் வாழும் ஏழைகள், ஏழைகளிடம் இலாபமில்லை. 1990களின் நடுவில் ஊசிமருந்தின் உற்பத்தி நின்றுபோயிற்று. இருப்பு நாளுக்கு நாள் குறைந்து வந்தது. இதே மருந்து தோலிற் பூசப்பட்டால் மயிரின் வளர்ச்சியை மந்தப்படுத்துமென்பதோ முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் பெண்களின் முகமயிருக்கான கிரீமாக அது அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதனைக் கொணர்ந்த கூட்டில், பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் என்னும் மருந்துக் கம்பனியோடு சவர அலகுக்குப் புகழ்பெற்ற ஜில்லெட்டும் இருந்தது. உயிர்காக்க நின்றுபோன மருந்து, முகம் வழிக்க மீண்டும் பிறந்தது! எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் உலகின் முன் இதனை எடுத்துரைத்தபின், 2001இல் அவென்டிஸ் கம்பனி ஊசிமருந்தை நன்கொடையாக வழங்க உடன்பட்டது.

இக்கதையைக் கூறுவோர் பலர், முகமயிருக்கு மருந்து தேடும் பெண்ணை நோக்கி ஏளனப் புன்னகை ஒன்றையும் சேர்த்தே கூறுவர். அங்கே சாகிறார்கள், இங்கே இவளுக்கு அழகு வேண்டுமாம் என்பது அதன் பொருள். நாம் அந்தப் புன்னகையை ஏற்பதில்லை. உறக்கநோய்க்காரனிடமிருந்து மருந்தைப் பறித்தவள் மோவாயில் மயிர் முளைத்த பெண்ணல்லள். அவளுக்கும் அக்கிரீம் முழுப்பயன் தந்ததில்லை. மூவரில் ஒருவருக்கே குறிப்பிடத்தக்க குறைவு காணப்பட்டது. நிறுத்திய எட்டு வாரத்தில் மயிர் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆபிரிக்கக் கிராமத்தானும் கலஹாத் தோட்டத்துப் பெண்ணும் ஒரே கணக்கேட்டில், ஒரே பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறார்கள்.

கைக்கெட்டிய வழிகளைப் பற்றியும் சில வார்த்தைகள். சவரம் செய்தால் மயிர் மும்மடங்காய்த் தடிக்கும் என்பது எமது பெண்கள் அனைவரும் ஓதும் மந்திரம். 1928இலேயே மில்ட்ரெட் டிரொட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் அளந்து பார்த்து, மயிர் தடிப்பதுமில்லை, விரைவதுமில்லை என்று நிறுவிவிட்டார். வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் விரலுக்கு முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவே. வலியற்றதும் மலிவானதுமான வழி அதுவே. இருந்தும் ‘ஆம்பளை வேலை’ என்று அலகைத் தொட மறுத்து, நூலின் ஒரு முனையைப் பல்லிற் கடித்துக்கொண்டு வேரோடு பிடுங்குகின்றனர். பிடுங்கிய இடம் சீழ்க் கொப்புளமாகிப் பின் கருந்தழும்பாகிறது. லேசர் சிகிச்சைக்கு விளம்பரம் செய்வோர் ‘நிரந்தரம்’ என்கிறார்கள். மயிரின் கரும்பொருளை நாடிப் பாயும் அவ்வொளி, கறுத்த தோலின் கரும்பொருளையும் நாடும். நீண்ட அலையொளிக் கருவியும் பழகிய கையும் இல்லையேல் எமது தோல் வெந்துபோகும். தென்னாசிய முகங்கள் சிலவற்றில் லேசருக்குப்பின் மயிர் மேலும் பெருகியதும் உண்டு. உள்ளே ஓமோன் அடங்காதவரை வெளியே எத்தனை தடவை சுட்டாலும் புதிய மயிர் வரும். அதன் செலவோ, ஒவ்வொரு தடவையும் கொழுந்து பறிப்பவளின் பல நாட் பேரை விழுங்கிவிடும்.

இப்போது எமது தங்கையின் மகளைப் பற்றிக் கூறவேண்டும்; இக்கட்டுரையை எழுதத் தூண்டியவள் அவள்தான். தங்கை இன்றும் கொழுந்து பறிக்கிறாள். மகளுக்கு 2020இல் பதின்மூன்று வயது. கொரோனாக் காலத்தில் நாடே முகக்கவசத்தைச் சபித்தபோது, அப்பெண் அதனைப் பெருவரமாக அணிந்தாள். 2022இல் முகக்கவசம் கட்டாயமல்ல என்றாயிற்று, அனைவரும் கழற்றினர், அவள் கழற்றவில்லை. தூசி ஒத்துவரவில்லை என்றாள். பின்பு வகுப்பிற் சிலர் அதன் காரணத்தைக் கண்டுபிடித்து ‘மீசைக்காரி’ என்று பட்டமளித்தனர். உயர்தர வகுப்புக்கு வந்ததும், பிரத்தியேக வகுப்புக்குப் போகிறேன் என்று புறப்பட்டு, பஸ் தரிப்பிடத்தோடு திரும்பிவரத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு நூல் போடுவாள்.

2024 ஏப்ரலில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திற் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் மாநிலத்துக்கே முதலாவதாக வந்த மாணவியின் படம் வெளியானது. அவள் பெற்ற புள்ளிகளை விட்டுவிட்டு அவள் மேலுதட்டைப் பற்றி ஆயிரம் பேர் பேசினர். அதனைத் தொலைபேசியிற் பார்த்துக்கொண்டிருந்த எமது மகள் எம்மிடம் வந்து, “பெரியம்மா, மொதலாவதா வந்தாலும் இதத்தான் பாப்பாங்களா?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு மறுமொழி கூறாமல், “நாளைக்கு நாம ரெண்டு பேரும் டொக்டர்கிட்ட போவோம்” என்றோம்.

ஓமோன் வைத்தியத்துக்கு மலையிறங்கவேண்டும். கலஹாவிலிருந்து பேராதனைக்குச் செல்லும் பஸ், ஹிந்தகலையைக் கடந்து, பல்கலைக்கழகத்தின் ஊடாக ஓடும் கலஹா வீதியால் இறங்குகிறது. கண்டிப் பிரதேசத்தின் பெரும் அறிவுச்சாலைக்கு எமது ஊரின் பெயரே முகவரியாயிருப்பது எமக்கு எப்போதும் ஒரு பெருமை. கீழே சென்றாற் சிக்கல் மொழியில் தொடங்கும். வயது பதினேழான பெண் தன் மோவாயைப் பற்றித் தமிழிலேயே வாய்திறக்கமாட்டாள். சிங்களத்தில் அவளுக்குத் தெரிந்தது தாடியைக் குறிக்கும் ‘ரெவுல’ என்ற ஒரே சொல். அதை உச்சரிப்பதிலும் ஊமையாயிருப்பது மேலென்று அவள் எண்ணினாள். நாம் பேசினோம்.

அங்கிருந்த இளம் பெண் வைத்தியர் பொறுமையோடு கேட்டார். உடலின் ஒன்பது இடங்களில் மயிரின் அளவைப் பூச்சியம் முதல் நான்கு வரை புள்ளியிட்டுக் கூட்டும் முறையொன்று உண்டு. 1961இல் ஃபெரிமன், கால்வே என்போர் அமைத்த முறையிலிருந்து வந்தது அது. எமது மகள் அன்று காலையிலும் நூல் போட்டு வந்திருந்தாள். சுத்தமான முகத்துக்குப் பூச்சியம்தானே விழும்? ஐந்து வாரம் நூல் போடாமல் வருமாறு வைத்தியர் கேட்டுக்கொண்டார். கேட்பது எளிது, அவர் அறியாத ஐந்து வாரம் அது. அவ்வைந்து வாரமும் அவள் லயத்தைவிட்டு வெளியே வந்தது குழாயடிக்கு மாத்திரம், அதுவும் இருட்டியபின். மறுமுறை சென்ற நாளன்று பஸ்ஸில் எமக்கு முன்னாசனத்திலிருந்த சிறுவன் திரும்பிப் பார்த்து, “அம்மா, இந்த அக்காவுக்கு ஏன் மீச?” என்றான். தாய் அவன் தொடையிற் கிள்ளினாள். அவன் அழுதான். ஹிந்தகலை வரை எவரும் பேசவில்லை. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஷோலை மட்டும் முகத்துக்கு இழுக்கவில்லை என்பதை நாம் கவனித்தோம்.

வெறுவயிற்றோடு குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்தின் பின் இரத்தம் எடுத்தனர். நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசற்படியில் நின்றாள், அந்த வயதிலேயே. அன்று தங்கையும் வேலைக்குப் போகாமல் உடன்வந்திருந்தாள். ஒரு நாட்பேர் போயிற்று. 2021இல் ஆயிரம் ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் ஆக்கப்பட்ட அந்த நாட்பேருக்காக எத்தனை ஊர்வலங்கள் நடந்தன என்பதை வாசகர்கள் அறிவர்.

வைத்தியர் எழுதித் தந்தவை இரண்டு. ஒன்று மெட்போமின், அதில் எவருக்கும் ஆட்சேபமில்லை, சீனிக்குளிசை என்று லயமே அறியும். மற்றையது கருத்தடைக் குளிசை. சூலகத்தின் அந்திரோசனைத் தணித்து, ஓமோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கூட்டி, மாதவிலக்கையும் ஒழுங்குக்குக் கொணரும் அக்குளிசையே இந்நோயில் மயிருக்கு முதல் மருந்தாக இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இரத்த அழுத்தத்தைப் பார்த்து, ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் எவருக்காவது இரத்தம் உறைந்ததுண்டா என்றெல்லாம் கேட்டே கொடுத்தனர். ‘மித்துரி’ என்ற பெயரால் இந்நாட்டுப் பெண்கள் நன்கறிந்த வகையைச் சேர்ந்தது அது. அட்டையைக் கண்டதும் தங்கைக்கு முகம் வெளுத்தது.

“என்னக்கா இது, மிட்வைஃப் அம்மா கலியாணம் கட்டுனவங்களுக்குக் குடுக்கிற குளிசையில்ல? கலியாணமாகாத புள்ள இதக் குடிச்சா லயத்துல என்ன பேசுவாங்க? நாளைக்குப் புள்ள தங்காமப் போனா?”

நாம் அவளை அறியாமைக்காரி என்று ஒதுக்கவில்லை. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஊக்கப்பணம் கொடுக்கப்பட்ட காலத்தையும், அச்சிகிச்சை செய்துகொண்டோரின் வீதம் தோட்டப் பெண்களிடையே உயர்ந்து நின்றதையும் கண்ணாற் கண்ட தலைமுறை நாம். அக்கால் லயங்களில் நுழைந்த சந்தேகம் இன்றும் கூரைத் தகரத்தைப் போல் அங்கேயே கிடக்கிறது. இக்குளிசையை நிறுத்தினாற் சூலகம் மீண்டும் தன் வேலைக்குத் திரும்பும், இது எதையும் கட்டிவிடுவதில்லை, வெட்டிவிடுவதில்லை என்று சிமினி விளக்கைப் படமாக வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் விளக்கினோம். நான்காம் நாள் தங்கை ஒரு முடிவுக்கு வந்தாள். அட்டையை உறையிலிருந்து கழற்றி, பழைய விற்றமின் டப்பிக்குள் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னே வைத்தாள். “விற்றமின் குடிக்கிறான்னு சொல்லிக்கிறேன்” என்றாள். இரவு எட்டு மணிக்கு அவளே எடுத்துக் கொடுக்கிறாள்.

எட்டு மாதங்களாகின்றன. மயிர் மறைந்துவிடவில்லை. வாரத்துக்கொருமுறை போட்ட நூல் மூன்று வாரத்துக்கொருமுறை ஆயிற்று, கருந்தழும்புகள் மங்குகின்றன, அலகைப் பயன்படுத்தவும் எம்மிடம் கற்றுக்கொண்டாள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. பிரத்தியேக வகுப்புக்கு வாரத்தில் இரு நாட்கள் போகிறாள்; மூன்றாம் நாள் சில வேளைகளில் இன்னும் பஸ் தரிப்பிடத்தோடு திரும்பிவிடுகிறாள்.

சென்ற ஞாயிறு தங்கை எமது வீட்டுக்கு வந்திருந்தாள். கொல்லையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில், வெயில் அவள் முகத்தில் விழுந்தது. நாற்பது வருடங்களாக மஞ்சள் பூசிய மோவாயில் அங்கங்கே நரைத்த மயிர்கள் தெரிந்தன. நாம் பார்ப்பதை அவள் கண்டுகொண்டாள்.

“எனக்கும் இருந்துச்சேக்கா. மஞ்சளப் போட்டு மறைச்சுக்கிட்டேன். இவளுக்கு முந்தி ரெண்டு தங்காமப் போச்சே, அதுவும் இதாலயா?” என்றாள். சற்றுக் கழித்து, கையிலிருந்த கீரையைக் கீழே வைக்காமலே, “எனக்கும் அந்தச் சீனித்தண்ணியக் குடுத்து ரெத்தம் பாப்பாங்களா?” என்று கேட்டாள்.

பார்ப்பார்கள் என்றோம். மகளின் அடுத்த தவணை வருகிற மாதம் வருகிறது. அன்று தாயும் வெறுவயிற்றோடு வரவேண்டும். ஆகையால் முதல் பஸ்ஸுக்கே புறப்படுவதென்று பேசி முடித்திருக்கிறோம்.